பெட்ரோலில் ஆயில் கலப்பதா, வேண்டாமா

அந்தப் படகு மோட்டார் எங்கள் வீட்டுக்குத் திராட்சை லாரியில் வந்தது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து கொச்சிக்குத் திராட்சை ஏற்றிப்போகிற டிரைவர் ஒருவர் என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடக் கூட்டாளி. திரும்பி வரும்போது காலிப் பெட்டிகளுக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். "அங்கன வள்ளத்துல பூராம் இதத்தேன் மாட்டி ஓட்டுறாக. பழசுதேன், ஆனா உசுரு இருக்கு" என்றார்.

"இதுக்குப் பெட்ரோல்ல ஆயில் கலக்கணுமா, வேணாமாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அத நான் கேக்கலயே தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மாட்டை வாங்கிவிட்டுப் பால் கறக்குமா என்று கேட்காமல் வந்த கதைதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் வைகை அணையின் தண்ணீர்க் கரையில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அணைக்குள் பரிசல் போட்டு வலை விரிப்பவர்கள் விடியும்போது மீனை எடுப்பார்கள். படகில் அக்கரை வரைக்கும் போய், பரிசல் பரிசலாக மீனை வாங்கி, வெயில் ஏறுவதற்குள் இக்கரையில் எடைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் வீட்டுக்காரர் வேலை. அதில் எங்கள் பங்கு மீனைப் பெட்டியில் கட்டி, மொபெட்டில் தேவதானப்பட்டி வரைக்கும் தெருத் தெருவாக விற்பது என் வேலை.

அந்த வருஷம் அவர் பாறையில் வழுக்கி விழுந்து வலது தோள்பட்டை முறிந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை பழைய கையாகவில்லை. நாலு தடவை துடுப்பு வலித்தால் முகம் வெளுத்துப்போகும். "நான் வலிக்கிறேன்" என்று நானும் போய்ப் பார்த்தேன். படகு என்னவோ போகத்தான் செய்தது. ஆனால் நான் வந்து சேர்வதற்குள் மீனின் செவுள் வெளுத்துவிட்டது. கொட்டகைக்காரர் பாவம், எங்களுக்காக ரொம்பவும் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் வேறு ஆள் போடவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் டிரைவரிடம் சொல்லி மோட்டாரை வரவழைத்தோம். அது வந்த கையோடு திருப்பூரிலிருந்து இவருடைய அக்கா வந்து இறங்கினார்கள். எனக்கு மதினி. அங்கே பனியன் கம்பெனியில் நல்ல நிலையில் இருந்தார்கள். தம்பி படுகிற பாட்டைப் பார்த்து அவர்களுக்குத் தாங்கவில்லை. "வெள்ளிக்கிழமை அந்த மோட்டார ஓட்டிப் பாருங்க. ஓடுனா இங்கனயே இருங்க. ஓடலயா, மறுபேச்சு பேசாம என்னோட வந்துருங்க. வீடு பாத்து வச்சிருக்கேன்" என்றார்கள். என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே சரி என்று தலையை ஆட்டிவிட்டார்.

திருப்பூர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எங்கள் பக்கத்துச் சனம் பாதி அங்கேதான் கஞ்சி குடிக்கிறது. ஆனால் இந்த மனுஷனை எனக்குத் தெரியும். தண்ணீரைப் பார்க்காமல் ஒருநாள் இருந்தால் சோற்றில் உப்பில்லை, குழம்பில் புளியில்லை என்று எரிந்து விழுவார். அவர் நாலு சுவருக்குள் உட்கார்ந்து பனியனில் பிசிர் வெட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாம் இந்தக் கரையை விட்டுப் போகப்போவதில்லை என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஆகவே மோட்டார் ஓடியே தீரவேண்டும்.

ஆனால் அது என்ன சாதி மோட்டார் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. மேலே இன்ஜின், நடுவில் ஆள் கால் மாதிரி ஒரு நீளக் குழாய், அடியில் விசிறி. மேல்மூடி கிடையாது. கம்பெனிப் பேர் இருந்த இடத்தில் யாரோ மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பெட்ரோல் டேங்குக்கு மூடியாக ஒரு மரத்தக்கை.

டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோல் தனி, ஆயில் தனி. மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் என் மொபெட்டை இரவல் வாங்கிப் போய், ஆயில் கலக்காத பெட்ரோலைப் போட்டு ஓட்டினார். நடு ரோட்டில் பிஸ்டன் ஒட்டிப்போய் வண்டி கல்லாக நின்றது. மொபெட்டுக்காவது பெரியகுளத்தில் பிஸ்டன் கிடைத்தது. இந்த அநாதை மோட்டாருக்குப் பிஸ்டன் எந்த ஊர்க் கடையில் போய்க் கேட்பது?

மறுநாளே தேவதானப்பட்டியிலிருந்து பம்புசெட் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிவந்தோம். டீசல் இன்ஜின் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவர் கைதான். சத்தத்தைக் கேட்டே சீக்கைச் சொல்லிவிடுவார். அவர் மோட்டாரைக் குப்புறப் போட்டார், மல்லாக்கப் போட்டார், பீடி பற்றவைத்தார். பிறகு எங்கள் பக்கத்தில் எந்த மெக்கானிக்கும் முதலில் எதைச் செய்வாரோ அதையே செய்தார். ஆயில் எங்கே இருக்கிறது என்று அடிப்பக்கத்தில் தேடினார்.

விசிறிக்குப் பக்கத்தில் ஒரு போல்ட் இருந்தது. திருகியதும் டீத்தண்ணி நிறத்தில் ஆயில் ஒழுகியது.

"இந்தா பாருத்தா! அடியில ஆயிலு நிக்கிது. நம்ம பம்புசெட்டு மாதிரிதேன். சந்தேகமே இல்ல, ஃபோர் ஸ்ட்ரோக்கு" என்றார். "ஆயில்ல தண்ணி ஏறியிருக்கு. மாத்திட்டு, ஆயில் கலக்காத பச்சைப் பெட்ரோல ஊத்துனா ஓடும்."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. மதினிகூட, "அப்பாடா, ஒரு வழியாச் சொல்லிட்டாக" என்றார்கள்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "ஏண்ணே, ஆயில் அம்புட்டுத் தள்ளிக் கீழ கெடக்கே, அது எப்படி மேல இருக்குற பிஸ்டனுக்குப் போகும்?" என்று கேட்டேன்.

"உள்ள பம்பு இருக்கும்த்தா."

"தலையில ஒத்தப் பிளக்கத் தவிர ஒன்னையும் காணமே. வால்வு எங்கன இருக்கு?"

"பழைய இன்ஜின்ல வால்வு பக்கவாட்டுல ஒளிஞ்சு கெடக்கும். நான் பாத்திருக்கேன்."

அவர் சொன்னது பொய்யில்லை, அப்படி இன்ஜின்கள் உண்டுதான். எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது. நானும் டூ ஸ்ட்ரோக் என்று அடித்துச் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் நம்மூரில் அதற்குப் பேர் அபசகுனம்.

"எதுக்கு வம்பு, ஆயிலக் கலந்தே ஊத்திருவோம்" என்றும் சொல்லிப் பார்த்தேன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலந்து ஊற்றினால் பிளக் கருகிக் கிளம்பவே கிளம்பாது, வால்வில் கரி பிடித்துவிடும் என்று அண்ணன் கையை விரித்தார். கார்புரேட்டரைக் கழுவி, வெள்ளிக்கிழமை காலையில் நேராகக் கரைக்கே கொண்டுவருகிறேன் என்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பெட்ரோல் பங்கில் கேட்டேன். "மோட்டாரக் கொண்டா, பாத்துச் சொல்றோம்" என்று சிரித்தார்கள். மீன் வாங்க வந்த ஒருவர், சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றார். ஓடினால்தானே ஐயா சத்தம் வரும், ஓட்டலாமா கூடாதா என்பதுதானே கேள்வி என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் மீன் வாங்காமலே போய்விட்டார்.

வியாழக்கிழமை மீன்பெட்டி கழுவப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். கரண்ட் இல்லை. டீசல் பம்புசெட்டை நாமே சுற்றிப் போட்டுக்கொள்ளலாம், அந்த வீட்டில் எனக்கு அவ்வளவு உரிமை உண்டு. வழக்கமாக மேலே இருக்கும் லிவரைத் தூக்கிவிட்டு வேகமாகச் சுற்றுவோம். லிவரைத் தூக்கினால் காற்று வெளியே போய்விடும், ஹேண்டில் லேசாகச் சுற்றும். அன்றைக்கு நான் ஏதோ யோசனையில் லிவரைத் தூக்காமலே ஹேண்டிலைத் திருப்பிவிட்டேன். தோளைப் பிடுங்குகிற மாதிரி கனத்தது. தம் பிடித்து அழுத்தித் தள்ளினேன். அடுத்த சுற்று லேசாக வந்தது. அதற்கடுத்தது மறுபடி கனம். அப்புறம் லேசு.

எங்கள் பக்கத்தில் இது தெரியாத கை கிடையாது. தினமும் சுற்றுகிற கைதானே. ஆனால் கைக்குத் தெரிந்தது புத்திக்கு அன்றைக்குத்தான் ஏறியது. வீட்டுக்கு ஓடினேன். மொபெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் மேக்னெட் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கனம். லேசான சுற்று என்று ஒன்று வரவே இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் உள்ளே காற்று முட்டும். டூ ஸ்ட்ரோக்கில் சுற்றுக்குச் சுற்று முட்டும். மேலே எவன் பெயிண்ட் அடித்தாலும் இதை மறைக்க முடியுமா?

என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். கேட்க அவருக்குக் காது இல்லை. "அந்த மனுசன் முப்பது வருசமா இன்ஜினப் பிரிக்கிறாக. நீ நேத்து மொபெட்டு வாங்குனவ. நாளைக்கு நல்ல நேரம் குறிச்சிருக்கு, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார். பயத்தில் பேசுகிறார் என்று தெரிந்தது. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் கிளப்பிவிட வேண்டும் என்று மதினியின் கட்டளை. படகின் பின்பலகையில் மோட்டாரை மாட்டியாகிவிட்டது. உச்சியில் கயிறு சுற்றும் சக்கரத்துக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம், விசிறிக்கு அடியில் எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் ஆனது. கரையில் ஊரே நின்றது. கொட்டகைக்காரரும் வந்திருந்தார். மதினியின் பை கட்டி முடித்துத் தயாராக இருந்தது. மெக்கானிக் அண்ணன் பச்சைப் பெட்ரோலை டேங்கில் ஊற்றி, சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, நுனியை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

நான் தண்ணீருக்குள் இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு புள்ள" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"விடமாட்டேன். இத இழுத்து பிஸ்டன் ஒட்டுச்சுன்னா இன்னைக்கே மூட்டையக் கட்டணும். என்னன்னு தெரியாம இழுக்க விடமாட்டேன்."

கரையில் ஒரே சலசலப்பு. மதினி தலையில் அடித்துக்கொண்டார்கள். "நல்ல நேரத்துல குறுக்க வந்து நிக்கிறாளே! ஏண்டி, அவன் உருப்படக் கூடாதுன்னே இருக்கியா?" அந்தச் சொல் என்னை அறுத்தது. பதில் சொல்ல வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். பதறாத காரியம் சிதறாது. அண்ணனைப் பார்த்துத் திரும்பினேன்.

"அண்ணே, ஒன்னே ஒன்னு கேக்குறேன். பம்புசெட்டுல லிவரத் தூக்காமச் சுத்துனா எத்தன சுத்துக்கு ஒருக்கா கனக்கும்?"

"இது என்ன கேள்வி? ரெண்டு சுத்துக்கு ஒருக்கா."

"மொபெட்டுல சுத்துக்குச் சுத்து கனக்குதுண்ணே. நேத்து நானே திருப்பிப் பாத்தேன். இதுல எப்படிக் கனக்குதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கயித்த விட்டுர்றேன்."

அண்ணன் வாயிலிருந்த பீடியைத் தண்ணீரில் எறிந்தார். சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தார். பழைய இன்ஜின், தேய்ந்துபோனது, கனம் பிடிபடவில்லை. ஸ்பேனரை எடுத்துப் பிளக்கைக் கழற்றினார். அந்தப் பொத்தலைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றினார். சந்தனப் பொட்டு ஒரு வட்டம் வந்தது. "புஸ்" என்று காற்று அவர் விரலைத் தள்ளியது. அடுத்த வட்டத்தில் காற்று தள்ளாமல் இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக். பொட்டு மறுபடி வந்தது. "புஸ்." இன்னொரு வட்டம், இன்னொரு "புஸ்."

"அடி ஆத்தீ!" என்றார் அண்ணன். "டூ ஸ்ட்ரோக்குல்ல இது! அப்ப அடியில வடிஞ்ச ஆயிலு?" கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார். "விசிறியச் சுத்துற பல்லுக்கு உள்ள ஆயிலு. கியர் ஆயிலு. நம்ம பம்புசெட்டுல அடியில பல்லு இல்ல, அதேன் எனக்குத் தோணல. கெடுக்கப் பாத்தேனேத்தா."

"கெடலயேண்ணே, விடுங்க" என்றேன்.

பச்சைப் பெட்ரோலைத் தகரத்தில் இறக்கி, என் மொபெட் பெட்டியில் இருந்த டூ-டி ஆயில் பாக்கெட்டுகளைக் கிழித்து ஊற்றி, நன்றாகக் குலுக்கினோம். பழைய இன்ஜின், கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று அண்ணன் இன்னும் ஒரு பாக்கெட் ஊற்றினார். எல்லாம் முடிந்தபோது யாரோ கடிகாரத்தைப் பார்த்து, "ராகு காலம் பொறந்துருச்சு" என்றார்கள்.

"போச்சு! ஒன்றர மணி நேரம் ஒக்காருங்க எல்லாரும்" என்றார்கள் மதினி.

"ஆயில் இல்லாத நல்ல நேரத்துக்கு ஆயில் இருக்குற ராகு காலம் தேவல மதினி" என்றேன். கரையில் சிரிப்பு எழுந்தது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை வாங்கிச் சுற்றினார்.

இழுத்தார். வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. இடது கையால் இழுத்தார். வேகம் போதவில்லை, மோட்டார் ஒரு இருமலோடு அடங்கியது. மறுபடி வலது கை. வலியில் அப்படியே பின்பலகையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். இதை நாங்கள் யாருமே நினைக்கவில்லை. துடுப்புக்குப் பதில் மோட்டார் என்று நினைத்தோமே தவிர, மோட்டாரைக் கிளப்பவும் ஒரு தோள் வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"நான் இழுத்து விடுறேன்" என்று அண்ணன் கையை நீட்டினார்.

"நாளைக்கும் விடியாம எந்திரிச்சு தேவதானப்பட்டியில இருந்து வருவீகளாண்ணே?" என்று கேட்டேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு படகில் ஏறினேன். கயிற்றைச் சுற்றி, பலகையில் ஒரு காலை ஊன்றி இழுத்தேன். ஒன்றுமில்லை. இழுத்தேன், உள்ளங்கை தோல் உரிந்தது. கிளம்புடி என் சாமி, கிளம்பு என்று வாய்விட்டே திட்டினேன். எத்தனை இழுப்பு என்று எண்ணவில்லை. கடைசியில் அது வெடித்து, நீலப் புகையைக் கக்கிக்கொண்டு அலறியது. என் மொபெட்டின் அதே புகை, அதே நாற்றம். அவ்வளவு நல்ல வாசனையை நான் முகர்ந்ததே இல்லை.

அவர் இடது கையால் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். படகு கரையை விட்டு நகர்ந்தது. மதினி தண்ணீர் ஓரம் வரைக்கும் ஓடிவந்து, சத்தத்துக்கு மேலே கத்தினார்கள். "இன்னைக்கு இழுத்துட்டா, சரி. தெனமும் எவடா இழுப்பா? இவ படகுல வந்தா மீன எவ விப்பா? இது நடக்குற காரியமாடா?"

அது நியாயமான கேள்வி. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். முந்தின நாளிலிருந்து என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசாத மனுஷன் அவர். பின்பலகையில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

"நீ பஸ்ஸுக்குக் கெளம்புக்கா" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். "அங்கன மீனு வெயில்ல கெடக்கு. நாங்க போயி எடுத்துட்டு வாரோம்."